ஸ்லிப்நாட்டில் எலாய் காசாக்ராண்டே: செபுல்ட்டூராவில் கேட்ட அதே ஆள்தானா?

இரட்டைப்பெடல்:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிரேசில் மெட்டல் பேண்டான செபுல்ட்டூராவின் டிரம்மர் எலாய், 2024 ஏப்ரலில் அமெரிக்க மெட்டல் பேண்டான ஸ்லிப்நாட்டில் போய் உட்கார்ந்ததிலிருந்து எங்கே திரும்பினாலும் "மனுஷனே இல்லை", "இன்றைக்கு உலகத்தில் இவரை அடிக்க ஆள் கிடையாது" என்ற பேச்சாகவே இருக்கிறது. எனக்கும் அவரைப் பிடிக்கும், சொல்லப்போனால் ரொம்பவே பிடிக்கும். செபுல்ட்டூராவின் 'குவாட்ரா' 2020இல் வந்தபோது பாட்டுகளைக் கேட்டதைவிட, அவற்றை அவர் வாசிக்கிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அதிகம்.

ஆனால் ஸ்லிப்நாட்டின் முதல் ஆல்பத்துப் பாட்டுகளை அவர் வாசிக்கும்போது எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, எல்லா அடியும் அததன் இடத்தில் விழுகிறது, வேகம் இருக்கிறது, பலம் இருக்கிறது, ஆனால் ஸ்லிப்நாட்டின் முதல் டிரம்மர் ஜோயி ஜோர்டிசன் வாசித்தபோது இந்தப் பாட்டு அடுத்த நொடி கைமீறிப் போய்விடும் என்று வயிற்றில் ஒரு பயம் வருமே, அது வரவில்லை. இரண்டாவது, செபுல்ட்டூராவில் நாலு பார் (தாளச் சுற்று) சேர்ந்தாற்போல் சும்மா விடாமல் டாம் டிரம்களில் உருட்டிக்கொண்டே இருந்த மனுஷன் இங்கே வந்து பாதிப் பாட்டில் அடக்கி வாசிக்கிற மாதிரி படுகிறது. அவர் மாறிவிட்டாரா, இல்லை பேண்ட் மாற்றிவிட்டதா, இல்லை எல்லாம் யூடியூபில் கேட்கிற என் காதின் கோளாறா? வாசிக்கத் தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது. "பிடிக்கலைன்னா கேக்காதே" வகைப் பதில்களை வேறு எங்காவது போடுங்கள், எலாய்க்கு முன் அங்கே வாசித்த ஜே வைன்பெர்க்கின் ரசிகர்களும் கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.


மெட்டல்மாமா:

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், இரண்டாவதை வாசிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜோயி அந்த பேண்டில் வெறும் டிரம்மர் இல்லை. பாஸ் வாசித்த பால் கிரேயும் ஜோயியும்தான் ஆரம்பகாலப் பாட்டுகளில் பெரும்பங்கு எழுதினார்கள். ஜோயிக்குக் கிட்டாரும் நன்றாக வரும், மர்டர்டால்ஸ் என்ற அவருடைய இன்னொரு பேண்டில் மேடையில் டிரம்ஸ் பக்கமே போகாமல் கிட்டாரைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். அதனால் யாரோ ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) கொண்டுவந்து கொடுக்க அதன்மேல் இவர் தாளம் போட்டார் என்கிற கதையே அங்கே கிடையாது, ரிஃப்பும் கிக்கும் (காலால் அடிக்கிற பெரிய டிரம்) ஒரே தலையிலிருந்து சேர்ந்தே வந்தவை. "சர்ஃபேசிங்" எடுத்துக்கொள்ளுங்கள், "டிசாஸ்டர்பீஸ்" எடுத்துக்கொள்ளுங்கள், கிட்டார் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே ஸ்னேர் (சுள்ளென்று கேட்கிற சின்ன டிரம்) வந்து விழும். எழுதினவர் அதை மேடையில் வாசிக்கும்போது இஷ்டத்துக்கு இழுக்கலாம், முந்தலாம், பாதியில் வேறு எதையாவது செருகலாம், யார் கேட்கப்போகிறார்கள்? பின்னால் வருகிற ஆளுக்கு அதே பாட்டு பாடமாகிவிடுகிறது, ஒரு அடி விட்டால் முன்வரிசையில் நிற்கிற பதினெட்டு வயசுப் பையன் கண்டுபிடித்துவிடுவான். ஜேவுக்கும் இதே கதிதான் இருந்தது, 2014இல் அவர் வந்தபோது என்னென்ன பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்தப் பயம் என்று சொன்னீர்களே, அதில் பாதி தயாரிப்பாளர் ராஸ் ராபின்சன் வேலை. 1999இல் வந்த முதல் ஆல்பத்தை மாலிபு பக்கத்தில் இண்டிகோ ராஞ்ச் ஸ்டூடியோவில் வைத்து அவர் பிழிந்து எடுத்தார். செபுல்ட்டூராவின் 'ரூட்ஸ்' ஆல்பத்தையும் அதே இடத்தில் அதே மனுஷன்தான் தயாரித்தார். அதைவிட வேடிக்கை, 2013இல் செபுல்ட்டூரா மறுபடி ராபின்சனிடம் போனபோது டிரம்ஸில் இருந்தது எலாய். அதாவது ஸ்லிப்நாட்டின் சத்தத்தை உருவாக்கின கையில் பதினோரு வருஷம் முன்னாலேயே இவர் அகப்பட்டாயிற்று. அந்த ஆல்பத்தில் "அப்செஸ்ட்" என்று ஒரு பாட்டில் டேவ் லொம்பார்டோ வந்து எலாயுடன் சேர்ந்து வாசிப்பார், கேட்காதவர்கள் கேளுங்கள். இருபத்திரண்டு வயசுப் பையன் ஸ்லேயர் டிரம்மர் பக்கத்தில் கொஞ்சமும் கூச்சப்படாமல் வாசிக்கிறான்.


ரூட்ஸ்96:

எல்லாரும் வாசிப்பு, கை, கால் என்று பேசுகிறீர்கள். எனக்கு முதலில் வருவது கோபம், அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

2023 டிசம்பரில் செபுல்ட்டூரா, 40 வருஷம் ஆகிறது, ஊர் ஊராகப் போய் விடை சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார்கள். 40 ஊர்களில் 40 பாட்டுகளை நேரலையாகப் பதிவு செய்வது என்று திட்டம். முதல் நிகழ்ச்சி 2024 மார்ச் 1, பெலோ ஒரிசோண்டே, பேண்ட் பிறந்த ஊர். பிப்ரவரி 6ஆம் தேதி எலாய் வந்து நான் போகிறேன் என்கிறார். கணக்குப் போட்டால் இடையில் 24 நாள். ஒத்திகை தொடங்க வேண்டிய நேரம். பேண்ட் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், கோபத்தை அடக்கிக்கொண்டு எழுதியது நன்றாகவே தெரியும்.

பெரிய பேண்ட் கூப்பிட்டால் போகத்தான் செய்வார்கள், தெரியும். 2011இல் இருபது வயசில் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் உலகம் முழுக்கக் கூட்டிப்போன பேண்டை, அதுவும் அதன் கடைசிப் பயணத்தில், இப்படியா விடுவது? அதனால் அவர் ஸ்லிப்நாட்டில் வாசிக்கிற வீடியோ வந்தால் நான் பார்க்கிறேன், ஆனால் லைக் போடுவதில்லை. சின்னப்பிள்ளைத்தனம்தான், இருக்கட்டும்.


பாஸ்கிட்டார்_பாவம்:

ரூட்ஸ்96 அண்ணே, கோபம் நியாயம்தான், ஆனால் அவர் பக்கம் இருந்தும் பாருங்கள். அப்போது அவருக்கு வயது 33. மற்ற மூன்று பேரும் தங்கள் வாழ்நாள் வேலையை முடித்துக்கொள்கிறார்கள், இவருக்கு விடைபெறும் பயணம் முடிந்ததும் கையில் வேலை கிடையாது. கடையைச் சாத்தப்போகிறோம் என்று முதலாளியே பலகை மாட்டியபிறகு வேலைக்காரர் வேறு இடம் பார்த்தால் துரோகம் என்கிறீர்கள். சொன்ன நேரம் தப்பு, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

சரி, கேள்வி கேட்டவருக்கு. நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயம்தான் எனக்குச் சுவாரசியம். அடக்கி வாசிக்கிறார் என்பது உண்மை, அதற்குக் காரணம் ஆள் கணக்கு.

செபுல்ட்டூராவில் மொத்தம் நான்கு பேர். பாடிக்கொண்டே கிட்டாரும் வாசித்த மேக்ஸ் கவலேரா 1996 கடைசியில் வெளியேறியதிலிருந்து ஆண்ட்ரியாஸ் கிஸ்ஸர் ஒருவர்தான் கிட்டார். அவர் சோலோ வாசிக்கக் கையை மேலே கொண்டுபோன உடனே அடியில் பாஸும் டிரம்ஸும்தான் மிச்சம், பாட்டு பாதியாக மெலிந்துவிடும். பாஸ் வாசிக்கிறவனாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் டிரம்மர் வந்து இடத்தை அடைக்காவிட்டால் நமக்கு உடம்பில் துணியில்லாத மாதிரி இருக்கும். எலாய் பன்னிரண்டு வருஷம் செய்தது அந்த வேலை. 'மெஷின் மெசையா' (2017) ஆல்பத்தில் "ஐஸ்பெர்க் டான்சஸ்" என்று வாய்ப்பாட்டு இல்லாத உருப்படி இருக்கிறது, அதில் கிட்டார் ஒரு வரியை வாசித்துவிட்டு விடுகிற ஒவ்வொரு இடைவெளியிலும் இவர் ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொண்டே போவார். அது ஆசைக்குச் செய்கிற வேலை இல்லை, அந்தப் பேண்டில் டிரம்ஸ்தான் இரண்டாவது கிட்டார்.

இப்போது ஸ்லிப்நாட். இரண்டு கிட்டார், ஒரு பாஸ், ஒரு டிஜே, சாம்பிள் வாசிக்க ஒருவர், பாடகர். போதாக்குறைக்கு டிரம்மருக்கு இரண்டு பக்கமும் இரண்டு தாளக்காரர்கள், பேஸ்பால் மட்டையால் பீர் பீப்பாயை அடித்துக்கொண்டு. பழைய ஆல்பத்தில் அந்தப் பீப்பாய் அடி சும்மா அலங்காரம் இல்லை, பல இடத்தில் ஸ்னேரோடு சேர்ந்தும், சில இடத்தில் ஸ்னேர் விட்ட இடத்திலும் விழும்படிதான் பாட்டே கட்டப்பட்டிருக்கிறது. ஒன்பது பேர் குடியிருக்கிற வீட்டில் ஒருவர் மட்டும் அரைமணி நேரம் குளிக்க முடியாது. எலாய் டாமில் ஒரு நீளமான உருட்டு போட்டால் அது அந்தத் தாளக்காரர்களில் ஒருவரான க்ளவுன் அடிக்கும் பீப்பாயின் மேல்தான் போய் விழும், கூடத்தில் கேட்கிறவனுக்கு வெறும் கடகட.

அதனால் அவர் ஸ்டைல் மாறவில்லை, போடுகிற இடம் மாறியிருக்கிறது. இடைவெளியை நிரப்பும் நீளமான உருட்டுகளைக் குறைத்துவிட்டுக் கிக்கில் சின்னச் சின்னதாகச் சேர்க்கிறார், ஹை-ஹாட் ஜால்ராத் தட்டுகளில் விளையாடுகிறார், ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற அந்த ஒரு பாரில் மட்டும் இஷ்டத்துக்கு அவிழ்த்து விடுகிறார். எனக்கு இது முன்னைவிடப் பிடித்திருக்கிறது. செபுல்ட்டூராவில் சில பாட்டுகளில் அவர் வாசிப்பு மட்டும்தான் நினைவில் நின்றது, பாட்டு நிற்கவில்லை. இதைச் சொன்னால் அண்ணன் அடிக்க வருவார்.


ரூட்ஸ்96:

அடிக்கவெல்லாம் வரவில்லை. ஆனால் 'குவாட்ரா'வில் பாட்டு நிற்கவில்லை என்பவரோடு எனக்குப் பேச்சில்லை.


ஒலிமேசை:

நான் வாசிப்பவன் இல்லை, மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கிறவன். கேள்வியில் "என் காதின் கோளாறா" என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்கு மட்டும்.

காதின் கோளாறு இல்லை, போனின் கோளாறு. கூட்டத்தில் நின்று போனில் எடுக்கிற வீடியோவில் சத்தம் ஒரு அளவுக்கு மேல் போனால் போன் தானாகவே அமுக்கிவிடும். அதனால் ஓங்கி அடித்த அடியும் மெதுவாகத் தொட்ட அடியும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் வந்து நிற்கும். ஒரு டிரம்மரின் தனித்தன்மை எங்கே இருக்கிறது? பெரிய அடிகளுக்கு நடுவில் ஸ்னேரில் மெல்லத் தொட்டுவிட்டுப் போகிற அந்தக் குட்டி அடிகளில், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இருக்கிற பலத்தின் வித்தியாசத்தில். அதைத்தான் போன் முதலில் விழுங்குகிறது. மிஞ்சுவது எல்லாம் ஒரே சமமான துப்பாக்கிச் சத்தம். அதைக் கேட்டுவிட்டு "இயந்திரம் மாதிரி வாசிக்கிறார்" என்று எழுதுகிறார்கள்.

இன்னொன்று, டிரிகர். இந்த வேகத்தில் வாசிக்கிற மெட்டல் டிரம்மர்கள் பலர் கிக் டிரம்மில் டிரிகர் வைத்திருப்பார்கள். தோலின் அதிர்வை அது உணர்ந்து, முன்பே பதிவு செய்த கிக் சத்தத்தை ஒலிக்கவிடும். கால் களைத்து ஓர் அடி லேசாக விழுந்தாலும் வெளியே அதே சத்தம்தான் வரும். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, பத்தாயிரம் பேர் இருக்கிற மைதானத்தில் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிக் அடித்தால் மைக் மட்டும் வைத்து அதைத் தெளிவாகக் கேட்க வைப்பது ரொம்பக் கஷ்டம், ஒன்றோடொன்று குழைந்து வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். ஆனால் காலில் இருக்கிற மேடுபள்ளம் போய்விடும். 1999 ரெக்கார்டிங்கில் நீங்கள் ரசிக்கிற அந்தக் கைமீறல் ஒரு பகுதி அந்த மேடுபள்ளம்தான்.

யார் எதில் டிரிகர் வைக்கிறார்கள் என்று ஊகிக்க நான் வரவில்லை. எலாயின் கையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன், அது எந்தக் கருவியும் தருகிற விஷயம் இல்லை. நிமிஷத்துக்கு 200 துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துடிப்புக்கு நாலு அடி என்றால் நொடிக்கு 13 அடிக்கு மேல். பிளாஸ்ட் பீட் என்கிற அதிவேகத் தாளத்தில் கிக்கும் ஸ்னேரும் மாறி மாறி வருவதால் ஸ்னேர் கைக்கு மட்டும் நொடிக்கு ஆறேழு. இந்த வேகம் வந்ததும் பெரும்பாலானவர்கள் குச்சியைத் தோலிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் தூக்க மாட்டார்கள், மணிக்கட்டும் விரலும் பார்த்துக்கொள்ளும், சத்தத்துக்கு நாங்கள் இருக்கிறோம். இவர் அந்த வேகத்திலும் முன்கையோடு தூக்கி அடிக்கிறார், நடுவில் ஒரு கணம் கிடைத்தால் கை தலைக்கு மேல் போய்விட்டு வருகிறது. ஸ்னேர் மைக்கில் அப்படிப்பட்ட ஓர் அடி விழுந்தால் மேசையில் இருக்கிறவனுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.


கஸ்டர்_வெறியன்:

பொறுமையாக வரச் சொன்னதால் பொறுமையாகவே எழுதுகிறேன்.

ஜேவை 2023 நவம்பரில் அனுப்பிய விதம் எந்தப் பேண்டுக்கும் அழகு இல்லை. பத்து வருஷம், மூன்று ஆல்பம். இடுப்பில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலையில் இருந்த ஆள். இதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் இங்கே வாசிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதால், மறந்துபோன ஒன்றைச் சொல்கிறேன். இரட்டைப்பெடல் கேட்கிற "பயம்" எலாயைவிட ஜேவிடம் அதிகம் இருந்தது. அவர் வந்தது பங்க் பக்கமிருந்து, அகெய்ன்ஸ்ட் மீ-யில் வாசித்தவர். டெக்னிக் என்று பார்த்தால் எலாய் ஒரு படி மேலே, சண்டையே வேண்டாம். ஆனால் "கஸ்டர்" பாட்டை அவர் ஸ்லிப்நாட்டில் வாசித்த வீடியோவை எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு அடிக்கும் மொத்த உடம்பும் எழுந்து விழுகிறது, கொஞ்சம் முந்திக்கூடப் போவார், அந்த முந்தலில் கூட்டம் பைத்தியமாகும். "அன்செயின்டட்", "நீரோ ஃபோர்ட்டே" எல்லாம் அவர் தாளம். அவை ஜோயி வாசிக்காத பாட்டுகள், யாரோடும் ஒப்பிட வழியில்லை. எலாய்க்கு அப்படித் தனக்கென்று ஓர் ஆல்பம் அமையும்வரை இந்த ஒப்பீடே சரியில்லை என்பேன்.

தவிர, அவர் போன இடம் அவருக்கு அளவெடுத்துத் தைத்தது. சூயிசைடல் டெண்டென்சீஸ்! வெனிஸ் கடற்கரை ஸ்கேட்போர்டுக் கூட்டம், பாதி ஹார்ட்கோர், பாதி த்ராஷ். லொம்பார்டோ கொஞ்ச காலம் உட்கார்ந்த நாற்காலி வேறு. அங்கே ஜே முகமூடி இல்லாமல் சிரித்துக்கொண்டு வாசித்ததைப் பார்த்தபோது மனசு நிறைந்தது.


மெட்டல்மாமா:

இதில் இன்னொரு சுற்று இருக்கிறது, புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஜே போய்ச் சேர்ந்த சூயிசைடலில் அதுவரை வாசித்துக்கொண்டிருந்த பையன் கிரேசன் நெக்ரூட்மேன். அந்தப் பையன் எங்கே போனான்? எலாய் விட்டுவிட்டுப் போன செபுல்ட்டூராவுக்கு. ஆக ஸ்லிப்நாட், சூயிசைடல், செபுல்ட்டூரா மூன்றும் சில மாதத்துக்குள் ஒரு சுற்று நாற்காலி மாறி உட்கார்ந்துவிட்டன, யாரும் வேலையில்லாமல் நிற்கவில்லை. மெட்டலில் இப்படி இன்னொன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை.


ரூட்ஸ்96:

மாமா கிரேசன் பெயரை எடுத்துவிட்டார், இனி நான் நிறுத்த மாட்டேன்.

இந்தப் பையனைப் பற்றி எங்கள் பக்கம் வந்த முதல் எதிர்வினை என்ன தெரியுமா? சிரிப்பு. பட்டி ரிச் பாணியில் ஜாஸ் சோலோ வாசித்து, இடது கையில் பழைய மரபுப் பிடி பிடித்து, இணையத்தில் பேர் வாங்கின இருபது சொச்சம் வயசுக்காரன், "அரைஸ்" வாசிக்கப் போகிறானாம்! நானும் சிரித்தேன். பிறகு வீடியோக்கள் வர ஆரம்பித்தன. த்ராஷ் பாட்டுகளில் எலாயின் அந்தக் கனம் இல்லை, அதில் மாற்றுக் கருத்து வேண்டாம். 'குவாட்ரா' பாட்டுகளில் கால் கொஞ்சம் தேடுகிற இடங்கள் எனக்குத் தெரிந்தன. ஆனால் 'கேயாஸ் ஏ.டி.' (1993), 'ரூட்ஸ்' (1996) பாட்டுகளுக்கு வந்ததும் கதையே வேறு. "டெரிட்டரி" ஆரம்பத்தில் டிரம்ஸ் தனியாக வருமே, செபுல்ட்டூராவின் பழைய டிரம்மர் இகோர் கவலேரா அதை வாசித்த விதத்தில் அடிகள் சம இடைவெளியில் இருக்காது, பிரேசில் தாளத்தின் ஒரு சாய்வு அதில் இருக்கும். எழுதிப் பார்த்தால் ஒன்று, கேட்டால் வேறொன்று. எலாய் பிரேசில்காரர், சாவ் பாவ்லோ பக்கம் பிறந்தவர், இருந்தும் அவர் அதை நேராக்கி, பெரிதாக்கி, பாறை போல ஆக்கினார். இந்த நியூயார்க் பையன் ஜாஸில் பழகின கையால் அந்தச் சாய்வை ஏறக்குறையத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். குச்சி தோலில் பட்டு எழும்புகிற எழும்பலை வைத்தே அடுத்த அடியை வாசிக்கிற பழக்கம் இருக்கிறதே, அது அங்கே கைகொடுக்கிறது.

இதைப் பற்றி எவனும் பேசுவதில்லை. எல்லாரும் எலாய் எலாய். முகமூடி போட்டால்தான் கவனிப்பீர்களா?


பாஸ்கிட்டார்_பாவம்:

அந்த இகோர் பாயிண்டுக்கு என் ஓட்டு. ஆனால் ஒரு விஷயம், எலாய் வாசித்த "டெரிட்டரி" அவருடைய 2011–12 வீடியோவையும் 2022–23 வீடியோவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் இகோரைப் பின்பற்றித்தான் வாசித்தார். வருஷம் ஆக ஆகத்தான் தன்னுடையதாக மாற்றினார். ஸ்லிப்நாட்டிலும் அதே வழிதான் போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் பாடத்தை ஒப்பிக்கிறார். அதுவும் அவர் சேர்ந்த வருஷம் எது? முதல் ஆல்பத்துக்கு 25 வயசு. பழைய முகமூடி, சிவப்பு உடை, பழைய பாட்டுப் பட்டியல் என்று ஒரு வருஷம் முழுக்கப் பழசையே கொண்டாடினார்கள். அந்த நேரத்தில் வந்து புதுமை காட்டினால் ரசிகர்கள் தோலை உரித்திருப்பார்கள்.


இரட்டைப்பெடல்:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி.

ஒலிமேசை சொன்னதும் போன் வீடியோக்களை விட்டுவிட்டு, டிரம்மருக்குப் பின்னால் கேமரா வைத்து ஒலியைத் தனியாகக் கலந்து வெளியிட்ட வீடியோக்களாகத் தேடி ஹெட்போனில் கேட்டேன். ஸ்னேரில் அந்தக் குட்டி அடிகள் நிறையவே இருக்கின்றன. போன் வீடியோவில் அவை சுத்தமாகக் காணோம். பீப்பாய் அடியும் ஸ்னேரும் சேர்கிற இடங்களில் அவர் வேண்டுமென்றே டாம் பக்கம் போகாமல் இருப்பதும் இப்போது தெரிகிறது, ஒரு முறை கவனித்துவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

ஆனால் முதல் உறுத்தல் போகவில்லை. "ஐலெஸ்" ஆரம்பத்தில் டிரம் அண்ட் பேஸ் என்கிற மின்னணு நடன இசைப் பாணியில் ஒரு ஓட்டம் வந்து அதிலிருந்து பாட்டுக்குள் குதிக்கிற இடம். ஜோயி குதிக்கும்போது கால் எங்கே ஊன்றும் என்று நமக்குத் தெரியாது. எலாய் குதிக்கும்போது தெரிகிறது. அதற்கு மாமா சொன்ன காரணம்தான் சரியாகப் படுகிறது, எழுதின ஆளின் கை. கஸ்டர்_வெறியன் சொன்னபடி இவருக்கென்று ஓர் ஆல்பம் வரட்டும், அதில் க்ளவுனும் மற்றவர்களும் இவருக்கு எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று பார்ப்போம். ரூட்ஸ்96, கிரேசன் வாசித்த "டெரிட்டரி"யில் ஒலி நன்றாக இருக்கிற வீடியோ எது, சுட்டி கொடுங்கள்.


ரூட்ஸ்96:

மூன்று இருக்கிறது, தனிச்செய்தியில் அனுப்புகிறேன். இரண்டாவதை முதலில் பாருங்கள், "ரட்டமஹாட்டா"வும் அதிலேயே பின்னால் வருகிறது. லைக் போட மறக்காதீர்கள், அந்தப் பையனுக்கு.


கஸ்டர்_வெறியன்:

சூயிசைடல் வீடியோக்களும் என்னிடம் இருக்கின்றன, யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.